உட்கார்ந்து ஆடும் ஆட்டம்

பழைய பிள்ளைக்காம்பராவின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘ஞாயிறு பி.ப. 2 முதல் 5 வரை மகளிர் உடற்பயிற்சி’ என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கொழும்பு நிறுவனமொன்றின் முத்திரை. பக்கத்தில் தோட்டத்து இளைஞர் கழகத் தலைவர் மைக்கலின் கையெழுத்து.

தேயிலை மலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடமாக இருந்த கட்டடம் அது. ரோட்டோரம் புதிதாக ஒன்று கட்டியபின் காலியாகக் கிடந்ததைக் கழகத்துப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கெரம் போர்ட், ஒரு டிவி, சுவர் ஓரமாக உட்கார நீளமான இரண்டு மர வாங்குகள். பெண்களை யாரும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. வாருங்கள் என்றும் சொன்னதில்லை.

பிறகுதான் அந்த நிறுவனத்திலிருந்து பிரேமினி மிஸ் வந்தார். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதோடு இரண்டு விதமான கருவிகள் இருந்தன. ஒன்று, இரண்டு கையாலும் பிடித்துப் பெருவிரலால் பட்டன் அமுக்குகிற வழக்கமான கொன்ட்ரோலர். மற்றது வெள்ளை நிறத்தில் குச்சி மாதிரி ஒரு ரிமோட். அதைப் பிடித்துக்கொண்டு கையை வீசினால், டிவிக்குள் இருக்கிற பொம்மையும் கையை வீசும்.

“பட்டன் எல்லாம் பழசு. இதுதான் இப்ப நல்லது” என்று மிஸ் ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார். “படிக்கவே தேவையில்ல, கைய வீசுனா போதும். வெளயாட்டும் ஆச்சு, உடம்ப அசைச்ச மாதிரியும் ஆச்சு.”

அன்றைக்குப் பெண்கள் நாலரை மணிக்குத்தான் மலையிலிருந்து இறங்கியிருந்தார்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். முன்வரிசையில் நின்ற மீனம்மா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

“அசைக்காமயா மிஸ் நாங்க மலை ஏறி எறங்குறோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். “அது வேலைதானே அக்கா. இது வேற.”

ஆனாலும் எல்லோரும் வருவதாகத் தலையாட்டினார்கள். காரணம் கதவில் ஒட்டிய தாள். பையன்களுக்கு மற்ற ஆறு நாளும், பெண்களுக்கு ஞாயிறு மத்தியானமும் என்று எழுத்தில் வந்துவிட்டது. பெண்கள் பயன்படுத்தாவிட்டால் அந்த நேரமும் கழகத்துக்கே போகும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதை முழுதாகப் படித்தவள் தனுஜா.

தனுஜாவுக்கு முப்பத்தொரு வயது. பதினோரு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். புருஷன் சுதாகரன் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவும் சமைக்க ஒரு குசினியும். அதில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், கொழுந்தன் திலக்ஷன், அவள். வீட்டில் இருப்பது மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அவள் ஒன்றில் உட்கார்ந்தால் உடனே ஒரு வேலை வந்து கூப்பிடும். கூப்பிடாவிட்டாலும், இன்னும் கூப்பிடவில்லையே என்று காது அந்தப் பக்கமே இருக்கும். ஞாயிறு காலையில் விறகு, துணி, சமையல் எல்லாம் முடித்து இரண்டு மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தால் ஐந்து மணிவரை அவளை யாரும் தேடி வருவதில்லை. ஆம்பிளைகளுக்குக் கோயில் திடல் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, பாலத்துக் கட்டு இருக்கிறது. தனுஜாவுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

முதல் ஞாயிறு இருபத்தாறு பெண்கள் வந்தார்கள். மேசைப்பந்து ஆட்டம் போட்டார்கள். மீனம்மா வீசிய வீச்சில் ரிமோட் கையை விட்டுப் பறந்து, சுவரில் மாட்டியிருந்த கழகத்துப் போட்டோவில் பட்டு, அதில் மைக்கலின் முகத்துக்கு நேரே கண்ணாடி விரிசல் விட்டது. பந்து அடிக்கடி மட்டையைத் தாண்டிப் போனது. ஏன் போகிறது என்று யாரும் ஆராயவில்லை. சிரிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

இரண்டாம் ஞாயிறு பதினெட்டுப் பேர். மூன்றாம் ஞாயிறு ஏழு.

“எங்கடி மத்தவளுக?” என்று தனுஜா கேட்டாள்.

“கை வலிக்குதாம்” என்றாள் மீனம்மா. “ஆறு நாளும் இருவது இருவது கிலோ பறிச்சுப்புட்டு ஏழாம் நாளும் கைய ஆட்டச் சொன்னா எவ வருவா? நானே ஒனக்காகத்தான் வந்தேன்.”

தனுஜாவுக்கும் வலதுபக்கத் தோள்பட்டை போன வருடமே போய்விட்டது. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்து, கையைத் தூக்காதே என்றார்கள். கையைத் தூக்காமல் கொழுந்து பறிக்கிற வழியை அவர்கள் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் ரிமோட்டை வைத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பையன்கள் விட்டுப்போன கொன்ட்ரோலர் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அதே மேசைப்பந்து ஆட்டம் இதிலும் ஓடியது. இடது பெருவிரல் எங்கே அடிப்பது என்று காட்டியது. வலது பெருவிரல் எப்போது அடிப்பது என்று அமுக்கியது. கை இரண்டும் மடியிலேயே கிடந்தன.

அரை மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. கொழுந்து பறிப்பதைத் தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குக் கை வீசுவது மட்டும்தான் தெரியும். வேலை நடப்பது விரல் நுனியில். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு கொழுந்தைக் கிள்ளும்போதே கண் அடுத்த கொழுந்துக்குப் போயிருக்கும். இரண்டு கையும் இரண்டு செடியில் தனித்தனியாக ஓடும். கொன்ட்ரோலர் கேட்டதும் அதைத்தான்.

அதற்குப்பின் பெண்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். உட்கார்ந்து ஆடலாம் என்று செய்தி பரவியது. சிலர் ஆடவே இல்லை. வாங்கில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, ஆடுகிறவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தனுஜா ஒவ்வொரு ஞாயிறும் மேசைப்பந்து ஆடினாள். ரிமோட்டுகள் டிவிக்குமேல் தூசு பிடித்துக் கிடந்தன.

இதை ஜன்னல் வழியாகப் பார்த்தவன் திலக்ஷன். ராகலை டவுனில் ஓட்டோ ஓட்டுகிறவன். கழகத்தில் கேம் ஆடுவதில் அவனுக்கு மிஞ்சிய ஆளில்லை. அவன் அதை மைக்கலிடம் சொன்னான். சும்மா சிரிப்பதற்குத்தான் சொன்னான். ஆனால் மைக்கலுக்குப் போட்டோ கண்ணாடி இன்னும் மனதில் இருந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு அவன் எட்டுப் பத்துப் பையன்களோடு வந்து கதவில் நின்றான்.

“அக்காமாரே, பேப்பர்ல என்னா இருக்கு? உடற்பயிற்சின்னு இருக்கு. வாங்குல சாஞ்சுக்கிட்டு பட்டன் அமுக்குறது உடற்பயிற்சியா?”

“நீங்க ஆறு நாளும் அதத்தான செய்றீங்க?” என்றாள் தனுஜா.

“எங்க நேரம் வெளையாட்டு நேரம். உங்க நேரம் உடற்பயிற்சி நேரம். செய்யலைன்னா நேரம் கழகத்துக்குத் திரும்பும். நான் சொல்லல, பேப்பர் சொல்லுது.”

“எங்கள வெளிய போகச் சொல்ல ஒனக்கு வாய் வரல, பேப்பரப் பேச வைக்கிற” என்றாள் மீனம்மா.

பையன்கள் சிரித்தார்கள். மைக்கல் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், பேச்சில் நிதானம் உண்டு. “சரி. நான் அநியாயம் பண்றேன்னு வேணாம். ஒரு ஆட்டம் போடுவோம். மேசைப்பந்து. மூணுக்கு ரெண்டு ஜெயிக்கணும். உங்க பக்கம் ஒராளு, எங்க பக்கம் திலக்ஷன். உங்களுக்குன்னு மிஸ் குடுத்தது ரிமோட், நீங்க அதுல ஆடுங்க. அவன் கொன்ட்ரோலர்ல ஆடட்டும். நீங்க ஜெயிச்சா ஞாயிறு உங்களுக்கு. உக்காருவீங்களோ படுப்பீங்களோ, கேக்க மாட்டேன்.”

“தோத்தா?”

“தோத்தா தாளைக் கிழிச்சிருவோம்.”

பெண்கள் தனுஜாவைப் பார்த்தார்கள். கொன்ட்ரோலர் கேட்டிருக்கலாம் என்று அவளுக்கும் தோன்றியது. கேட்டால், ரிமோட்டைத் தொடுவதில்லை என்று நாமே ஒத்துக்கொண்டதாகும். தாளில் இருப்பது அந்த ரிமோட்டுக்காகத் தந்த நேரம். அவள் எழுந்துபோய் டிவிக்குமேல் இருந்த ரிமோட்டை எடுத்துத் தூசியை ஊதினாள்.

திலக்ஷன் வாங்கின் நுனியில் உட்கார்ந்தான். “அண்ணி, பாத்து மெதுவா அடிங்க. போன தடவ போட்டோ, இந்தத் தடவ டிவி போயிரப் போவுது.”

“டேய், ராத்திரிக்கு சோறு போடப் போறது அவதான். அத நெனச்சு ஆடு” என்றாள் மீனம்மா.

முதல் ஆட்டம் தொடங்கியது. பதினொரு புள்ளி. தனுஜாவின் முதல் அடி நன்றாகத்தான் விழுந்தது. அடுத்த பந்து அவள் பக்கம் வருவதற்குள் டிவிக்குள் இருந்த பொம்மை தானாகவே மட்டையை வீசியது. பந்து அதைத் தாண்டிப் போனது. மூன்றாவது பந்திலும் அப்படித்தான். நான்காவதிலும்.

“அண்ணி, பந்து வரும்போது அடிங்க. வரமுன்னால அடிச்சா எப்புடி?”

“நான் அடிக்கலையே!”

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீனம்மாதான் அதைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். “ஏன்டி, அடிச்சு முடிச்சதும் கை எங்க போவுதுன்னு பாரு! கொழுந்தை எங்க போடுற? பை வீட்டுல கெடக்கு!”

தனுஜா அடுத்த பந்தை அடித்துவிட்டுத் தன் கையைக் கவனித்தாள். மீனம்மா சொன்னது சரி. பந்தை அடித்த கை அதோடு நிற்கவில்லை. அப்படியே மேலே போய், தோளுக்குப் பின்னால் வளைந்து, முதுகில் இல்லாத பைக்குள் இல்லாத கொழுந்தைப் போட்டுவிட்டுத் திரும்பியது. கை நிறைந்ததும் பின்னால் எறிவது ஒரு நாளைக்குச் சில நூறு தடவை நடக்கிற காரியம். கைக்குப் பந்து வேறு, கொழுந்து வேறு என்று தெரியவில்லை. ரிமோட்டுக்கும் தெரியவில்லை. அது அதையும் ஒரு அடியாக எடுத்துக்கொண்டது. முதல் ஞாயிறு இருபத்தாறு பேருடைய பந்தும் ஏன் தாண்டிப் போனது என்பது இப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கையை இறுக்கிப் பிடித்தால் அடி விழவில்லை. தளர்த்தினால் பின்னால் போனது. ஒவ்வொரு வீச்சுக்கும் தோள்பட்டைக்குள் முள் குத்துகிற மாதிரி வலித்தது. பதினொன்றுக்கு நாலு. முதல் ஆட்டம் திலக்ஷனுக்கு.

மைக்கல் கதவுப் பக்கம் போனான். தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பிவிட்டுக்கொண்டு நின்றான்.

தனுஜா ரிமோட்டின் கயிற்றை மணிக்கட்டிலிருந்து கழற்றினாள். அதை டிவிக்குமேல் வைத்தாள். வாங்கில் போய்த் திலக்ஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தம்பி, அந்த மத்த கொன்ட்ரோலர இப்புடிக் குடு.”

“ஏய், அது முடியாது” என்றான் மைக்கல். “பேச்சு ரிமோட்டுக்குத்தான். மிஸ் உங்க ஒடம்புக்குன்னுதான் அதக் குடுத்தாங்க.”

“என் ஒடம்பு எனக்குத் தெரியும் மைக்கல். நீ ஆறு நாளும் ஃபெக்டரில மூட்டை தூக்குற. ஞாயித்துக்கெழம ஒருத்தர் வந்து, தம்பி உன் ஒடம்புக்கு நல்லது, இந்த வெறும் மூட்டையத் தூக்கித் தூக்கி வை, அதான் வெளையாட்டுன்னு சொன்னா தூக்குவியா?”

“அது வேற.”

“என்னா வேற?”

மைக்கல் தாளின் மூலையிலிருந்து கையை எடுத்தான். அவனுக்குப் பின்னால் நின்ற பையன் ஒருவன், “தூக்க மாட்டான் அக்கா” என்று சொல்லிவிட்டு ஓடத் தயாரானான். ஆனாலும் மைக்கல் விடவில்லை. “சொன்னது சொன்னதுதான். நடுவுல மாத்துறது நியாயமில்ல.”

“குடுத்துரு மைக்கல்” என்றான் திலக்ஷன். முதல் ஆட்டத்தில் சிரித்த சிரிப்பு அவன் முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. “எதுல ஆடுனாலும் ஒண்ணுதான். அப்பறம் ரிமோட்டாலதான் தோத்தோம்னு வருஷம் பூரா எனக்கு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. என் காதுதான போகும்?”

மைக்கல் தோளைக் குலுக்கினான்.

திலக்ஷனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கழகத்துப் பையன்கள் ஆடியதெல்லாம் கிரிக்கெட், புட்போல், கார் ஓட்டம். மேசைப்பந்தைச் சின்னப்பிள்ளை ஆட்டம் என்று அவர்கள் தொடுவதில்லை. தனுஜா மூன்று ஞாயிறு அதைத் தவிர வேறு ஒன்றும் ஆடவில்லை.

இரண்டாம் ஆட்டத்தின் முதல் மூன்று புள்ளி அவளுக்கு வந்தபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்தாவது புள்ளியில் செருப்பைக் கழற்றினான். அவள் தோளும் கையும் அசையவில்லை. மடியில் இரண்டு கை, அதில் இரண்டு பெருவிரல். தோட்டத்தின் மேல் டிவிஷன் மலையில் தனக்குத் தந்த செடி நிரையில் பறிப்பது போலவே கண்ணை அடுத்த இடத்தில் வைத்திருந்தாள். பந்து அங்கே வந்தபோது விரல் அமுக்கியது. பதினொன்றுக்கு எட்டு, அவளுக்கு.

பெண்கள் போட்ட சத்தத்தில் கீழ் லயத்திலிருந்து இரண்டு பேர் என்ன கலாட்டா என்று பார்க்க வந்துவிட்டார்கள்.

மூன்றாம் ஆட்டம் தொடங்கியது. இதற்குள் திலக்ஷனுக்கும் ஆட்டம் பிடிபட்டுவிட்டது. மூலை பார்த்து வெட்டினான். ஐந்துக்கு ஐந்து. ஏழுக்கு ஏழு. ஒன்பதுக்கு ஏழு என்று அவன் முன்னால் போனபோது மைக்கல் மறுபடி தாளின் மூலையைப் பிடித்தான். தனுஜா அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கப்போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவசரப்பட்டு ஒரு பட்டனை அமுக்கினாள். பந்து மேசையின் விளிம்பில் பட்டு வழுக்கியது. திலக்ஷனால் எடுக்க முடியவில்லை.

“அதிர்ஷ்டம்” என்றான் அவன்.

“இருக்கட்டும்” என்றாள் அவள்.

ஒன்பதுக்கு எட்டு. அடுத்த புள்ளியும் அவளுக்கே வந்து ஒன்பதுக்கு ஒன்பது. அடுத்த பந்தை இரண்டு பேரும் பதினெட்டுத் தடவை அடித்தார்கள். மீனம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவதில் திலக்ஷன் பந்து வலையில் விழுந்தது. கடைசிப் பந்தை அவன் பலமாக அடித்தான். அவள் அதைச் சும்மா தொட்டுவிட்டாள். அது வலையைத் தாண்டி மெதுவாக விழுந்தது. அவனுடைய பொம்மை தூரத்தில் நின்றது.

ஒரு நிமிடம் பெண்கள் போட்ட கூச்சலில் யாருக்கும் காது கேட்கவில்லை. மீனம்மா வாங்கின்மேல் ஏறி நின்று, விரிசல் விட்ட போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டாள். மைக்கல் நெம்பிய மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினான். அது ஒட்டவில்லை. அடுத்த நாள் கம் கொண்டுவந்து ஒட்டினான். அந்த அளவுக்கு அவன் நேர்மையானவன்தான்.

ராத்திரி தனுஜா சோறு போட்டாள். திலக்ஷன்தான் பேச்செடுத்தான். “அண்ணி, அந்த ரிமோட்ட நாங்க எடுத்துக்கவா? உங்களுக்குத்தான் வேணாமே.”

“ஏன், ஒனக்கு அது எதுக்கு?”

“தெனமும் காலைலேருந்து ஓட்டோக்குள்ள மடிஞ்சு உக்காந்து இடுப்பு செத்துப் போவுது. நீங்க போனப்பறம் கொஞ்சம் வீசிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு.”

“எடுத்துக்க. போட்டோவப் பாத்து வீசு.”

இரண்டு வாரம் கழித்துப் பிரேமினி மிஸ் கெமராவோடு வந்தார். சொல்லாமல் வந்தார். ஞாயிறு மூன்று மணி. உள்ளே பன்னிரண்டு பெண்கள். இரண்டு பேர் கொன்ட்ரோலர் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மிஸ் டிவியைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார், கதவில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார்.

“ரிமோட் எங்க? ஒடஞ்சிட்டா?”

“இல்ல மிஸ், நல்லா இருக்கு. சனிக்கெழமைல பொடியங்க ஆடுறாங்க” என்றாள் மீனம்மா. “வேர்த்து ஊத்த ஊத்த ஆடுறாங்க. அவங்களுக்கு ரொம்ப நல்லது மிஸ்.”

“ஆனா அது உங்களுக்குக் குடுத்தது.”

பெண்கள் தனுஜாவின் பக்கம் திரும்பினார்கள். அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். அந்தத் தாளில் மைக்கலின் கையெழுத்து மட்டுமா இருந்தது? முத்திரை மிஸ்ஸினுடையது. அவர் நினைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம், தாளையும் கிழிக்கலாம்.

“மிஸ், உக்காந்தே வேல செய்றவங்களுக்கு அந்த ரிமோட் நல்லா இருக்கும். படிக்காம ஆடலாம்னு நீங்க சொன்னதும் சரிதான். மொத நாளே ஆடுனோம். ஆனா எங்க கைக்கு ஓய்வு வேணும். இந்தப் பட்டன் படிக்க மூணு வாரம் ஆச்சு. படிச்சதுக்கப்பறம் இதுதான் எங்களுக்குப் புடிச்சிருக்கு.”

மிஸ் கெமராவின் மூடியைத் திறந்து மூடினார். “சரி அக்கா, நான் பாத்துக்கிறேன். ரிப்போர்ட்டுக்கு ஒரு படம் மட்டும் வேணும். ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாரும் ரிமோட்ட எடுத்து எழும்பி நிண்டு வீசுற மாதிரி?”

மீனம்மா எழும்பினாள். ஒவ்வொருவராக எழும்பினார்கள். தூங்கியவளையும் தட்டி எழுப்பிவிட்டார்கள். மீனம்மா கெரம் போர்ட்டுக்குப் பின்னால் பையன்கள் வைத்திருந்த ரிமோட் ஒன்றை எடுத்துத் தூக்கிப்பிடித்து, இல்லாத பந்தை அடித்து, இல்லாத பையில் கொழுந்தையும் போட்டாள்.

தனுஜா வாங்கைவிட்டு அசையவில்லை. கொன்ட்ரோலர் மடியில் இருந்தது.

“நீங்களும் வாங்க அக்கா” என்றார் மிஸ்.

“நான் இப்புடியே இருக்கேன் மிஸ்” என்றாள் தனுஜா. “என்னயும் சேத்தே எடுங்க.”

மிஸ் ஒரு அடி பின்னால் போய், அவளும் படத்துக்குள் வரும்படி கெமராவைத் திருப்பினார்.